செவலையா மயிலையா

கதவு சரியாச் சாத்துச்சுங்களாண்ணா? சரி, போலாம். மெதுவாவே போங்க. பின்னால நீங்க பெல்ட்டுப் போட்டுக் கட்டி ஏத்தியிருக்கறது தேங்கா மட்டை லோடு இல்லீங்க. நாடு பூராத் தேடினாலும் இந்த மாதிரி இன்னொண்ணு கெடைக்கறது கஷ்டம். இத்தாலில பொறந்த காரு. கருமத்தம்பட்டில வந்து ஆவி விட்டு நிக்கணும்னு அதுக்குத் தலையில எழுதியிருக்கு, யாரு என்ன பண்ண முடியும்.

ஏத்தும்போது கேட்டீங்கல்ல, "அப்பா காருங்களாம்மா"ன்னு? உங்களைக் குத்தம் சொல்லலீங்ணா. ஊரே அப்படித்தான் கேக்குது. காரு பக்கத்துல பையன் நின்னா அது அவனுது. பொண்ணு நின்னா அது அப்பாவுது, இல்லாட்டி வரப்போற புருசனுது. இது என்னுது. ஆர்.சி.ல சம்யுக்தான்னு போட்டிருக்கு, வேணும்னா காட்டறேன். வாதாடி வாங்கினது. அதுவும் என்ற அண்ணனுக்கு முன்னாடி, முதல் ஆளா நான் எடுத்தது. இதை மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க. மத்தவங்க சொல்றப்ப கதை வேற மாதிரி வரும்.

கோபமா? எனக்கா? நான் கோபப்பட்டா இப்படியா இருப்பேன். சட்டக் கல்லூரியில மூணாம் வருசம் படிக்கிறேன். எங்க பேச்சே இப்படித்தான்.

கதையச் சொல்லிர்றேன். எங்களுக்கு காங்கயம். தேங்கா எண்ணெய் மில்லு. ஊர்ல நாலு காசு சேர்ந்தா மனுசங்க கல்யாண மண்டபம் கட்டுவாங்க, எங்கப்பா பழைய ஸ்போர்ட்ஸ் காரு வாங்கினாரு. ரெண்டு. ஒண்ணு சிவப்பு, இத்தாலிக்காரன் செஞ்சது. இஞ்சின் நம்ம முதுகுக்குப் பின்னால, லைட்டு போட்டா பானெட்டுல இருந்து ரெண்டு கண்ணு எந்திரிச்சு நிக்கும். இன்னொண்ணு ஜெர்மன்காரன் செஞ்சது, சாம்பலு பூத்த வெள்ளை. எங்கப்பா எங்க ஊரு மனுசன் பாருங்க, மாட்டுக்கு வெக்கிற பேரையே வெச்சுட்டாரு. சிவப்பு செவலை, சாம்பல் மயிலை. வாங்கறப்பவும் அப்படித்தானாம். விக்கிறவன் இஞ்சினைப் பத்தி விளக்கிட்டிருக்க, இவரு காரைச் சுத்திச் சுத்தி வந்து எங்காச்சும் கெட்ட சுழி இருக்குதான்னு பாத்தாராம். காருக்குச் சுழி. நல்லவேளை, வாலைத் தூக்கிப் பாக்கல.

போன வருசம் அவருக்கு நெஞ்சுல ஸ்டென்ட் வெச்சாங்க. டாக்டர், இனிமே நீங்க ஸ்டீயரிங்கே தொடக்கூடாதுன்னுட்டாரு. உடனே இவரு, "நான் கண்ணு முழிச்சிருக்கையிலயே பங்கைப் பிரிச்சுக் குடுத்துர்றேன்"னு கிளம்பிட்டாரு. மில்லு அண்ணனுக்கு, அவன்தானே நடத்தறான். பெருந்துறைப் பக்கம் இருக்கற பூமி எனக்கு. அதெல்லாம் ஊத்தின காபி ஆறுறதுக்குள்ள முடிஞ்சுது. ரெண்டு காருக்குத்தான் பொழுது போச்சு.

பங்கு பிரிச்சு விட உக்காந்தது எங்க சென்னியப்பன் மாமா. அம்மாவோட அண்ணன். வேட்டி மடிப்புக் கலையாம ஊரு நியாயம் பூராப் பேசற ஆளு. என்னைப் பாத்து, "அம்மிணி, உனக்கெதுக்குச் சாமி காரு? நாளைக்கு கட்டிக் குடுத்தா அந்த வீட்டு வாசல்ல ஒண்ணு நிக்காமயா போயிரும்? பேசாம ஒரு ஆரமா வாங்கிக்க"ன்னாரு.

"ஆரத்தைக் கழுத்துல போட்டுட்டு பல்லடம் ரோட்ல நூத்தி இருபதுல போக முடியுங்களா மாமா?"ன்னேன்.

அம்மா சேலைத் தலைப்பால வாயை மூடிக்கிட்டாங்க. அப்பா மோட்டுவளையப் பாத்தாரு. என்ற அண்ணன் நவநீதன் இருக்கானே, வீட்ல நவநீ, அவன் சிரிச்சுட்டான். எனக்கு சப்போர்ட்டாச் சிரிச்சானா, என்னைப் பாத்துச் சிரிச்சானான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல. எதுக்குன்னு பிடிபடாம சிரிக்கிறதுல அவன் கெட்டிக்காரன்.

நான் விட்டனா? பொண்ணுக்கும் சமபங்குன்னு நான் பொறக்கறதுக்கு முன்னாடியே சட்டம் வந்தாச்சுங்கன்னு பிரிவு பிரிவா எடுத்து வெச்சேன். மாமா கொட்டாவி விட்டுட்டு, "சரி, ஆளுக்கு ஒண்ணு. ஆனா வழக்கப்படிதான்"னாரு.

எங்க பக்கம் வழக்கம் என்னன்னா, மூத்தவன் பங்கு வெக்கணும், எளையவன் முதல்ல எடுக்கணும். பங்கு வெக்கிறவனே முதல்ல எடுத்தான்னா நல்லதை எல்லாம் ஒரு பக்கமா ஒதுக்கி வெச்சுக்குவான்ல, அதுக்குத்தான். எங்க ஆளுகளுக்குக் கூடப்பொறந்தவங்க மேல அவ்வளவு நம்பிக்கை. அந்த வழக்கப்படி நான்தான் முதல்ல எடுக்கணும். மாமாவுக்கு அது சொன்னதுக்குப் பொறகுதான் புரிஞ்சுது. புரிஞ்சதும், "அது பசங்களுக்குள்ள இருக்கற வழக்கமப்பா"ன்னு இழுத்தாரு. அப்ப நவநீ, "இருக்கட்டும் மாமா, அவளே எடுக்கட்டும்"னான்.

பாருங்க, அங்கயே நான் உஷாராயிருக்கணும். ஆயிட்டேன். ஆனா எந்தப் பக்கமா உஷாராகறதுன்னுதான் பிரச்சினை.

ரெண்டு காரையும் ஷெட்டுல இருந்து களத்துக்குத் தள்ளிட்டு வந்து நிறுத்தினாங்க. கொப்பரை காயப்போடற களம். நான் காரு ஓட்டிப் பழகினதும் அதே களத்துலதான், மயிலையிலதான். நவநீ பக்கத்துல உக்காந்துட்டு, "கிளட்ச்சு, கிளட்ச்சு"ன்னு கத்துவான், நான் கொப்பரை மேல ஏத்துவேன். அது இருக்கட்டும், அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை.

நான் ரெண்டையும் பாத்துட்டு நிக்கிறேன். நவநீ மெதுவா வந்து பக்கத்துல நின்னான். நின்னு, மத்தவங்களுக்குக் கேக்காம, "சம்யு, நீ மயிலைய எடுத்துக்க"ங்கறான்.

"ஏன்?"

"உன்ற கைக்கு அது நல்லா படிஞ்சிருக்கு. சாவியப் போட்டா ஒரே கிக்குல எடுக்கும். செவலை வேண்டாம். சும்மா நின்னாலே தண்ணி சூடாகுது. ரப்பர் குழாய் எல்லாம் பழசு. ஸ்டீயரிங்கு வேற இடது பக்கம். அது ஆளைப் படுத்திரும் பாப்பா."

இப்ப நீங்க சொல்லுங்க. நீங்க சந்தைக்குப் போயிருக்கீங்களா, மாட்டுச் சந்தைக்கு? எங்கப்பா சின்னதுல இருந்தே எங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போவாரு. அவரு எங்களுக்குச் சொல்லிக் குடுத்த ஒரே படிப்பு அதுதான். விக்கிறவன் வாயைத் தொறந்து மாட்டைப் புகழ்ந்தான்னா, நீ மாட்டோட வாயைத் தொறந்து பல்லைப் பாரு. அதே மாதிரி எவனாச்சும் ஒரு மாட்டைச் சுத்தி வந்து கொம்பு கோணல், வாலு சிறுசு, நடை சரியில்லைன்னு குறை சொல்லிட்டே இருந்தான்னா, அந்த மாட்டை ஓட்டிட்டுப் போகாம அவன் வீடு திரும்ப மாட்டான்.

அப்பக் கணக்குப் போடுங்க. மயிலையப் புகழ்றான். அப்ப அதை என் தலையில கட்டப் பாக்கறான். செவலையக் குறை சொல்றான். அப்ப அது மேலதான் அவனுக்குக் கண்ணு. இதுக்குச் சட்டம் படிச்சிருக்கணும்னு இல்லீங்ணா. மாட்டுச் சாணி மிதிச்சவனுக்கெல்லாம் தெரியும்.

ஆனாலும் நான் அவசரப்படல. மயிலைக்கு அடியில படுத்துப் பாத்தேன். சுடிதாரோட, அத்தனை பேரு முன்னாடி. மாமா, "என்னம்மிணி, பால் கறக்கறயா?"ங்கறாரு. ஒரு சொட்டு ஆயில் ஒழுகல. துரு இல்ல. சாவியப் போட்டேன், எடுத்த எடுப்புல நின்னு பேசுச்சு. கதவைச் சாத்தினா இரும்புப் பெட்டி சாத்தின மாதிரி ஒரே சத்தம். ஒரு குறை இல்லைங்ணா, ஒண்ணே ஒண்ணு இல்ல.

அதுதான் எனக்குச் சந்தேகத்தையே உண்டாக்குச்சு. ஒரு குறையும் இல்லாத மாடு எதுக்குச் சந்தைக்கு வருது?

கையத் தூக்கிச் செவலை பானெட்டு மேல வெச்சேன். "இது"ன்னேன்.

அப்ப அவன் மூஞ்சியப் பாக்கணுமே. "நல்லா யோசிச்சியா?"ன்னான். "உன்னை விட நல்லாவே"ன்னேன். "சரி"ன்னான். அவ்வளவுதான். சாவியக் கையில குடுத்துட்டு மில்லுக்குப் போயிட்டான். ஒரு வார்த்தை எதுத்துப் பேசல. நான் அவன்கூட மல்லுக்கட்ட எத்தனை பாயிண்டு வெச்சிருந்தேன் தெரியுங்களா? ஒண்ணும் உபயோகப்படல. சண்டைக்கு வராம தோத்துப் போறவனை என்னதாண்ணா பண்றது?

லாரிக்கு வழி விடுங்க, விடுங்க. அவன் முறைக்கிறான். தன்னுதுதான் பெரிய வண்டின்னு நெனப்பு அவனுக்கு.

பொறகு என்னாச்சுன்னா, கொஞ்ச நாள் கழிச்சு அவன் பேருக்கு ஒரு பார்சல் வந்துச்சு. வெளிநாட்டுப் பெட்டி. பிரிச்சுப் பாத்தா செவலைக்கு வேண்டிய தண்ணி பம்பு, ரப்பர் குழாய் எல்லாம். ஆர்டர் போட்டது எப்பன்னு பாத்தேன். பங்கு பிரிக்கறதுக்கு ரொம்ப முன்னாடி. மாட்டிக்கிட்டான் பாத்தீங்களா? முன்னாடியே முடிவு பண்ணி வெச்சிருக்கான், செவலை தனக்குத்தான்னு. அதுக்குத்தான் அன்னைக்கு அத்தனை குறை சொன்னது. ஆதாரம் கையும் பெட்டியுமா இருக்கு. கோர்ட்டுல குடுத்தா நிக்கும்.

நேராப் போயிக் கேட்டேன். "இது என்ன?"

"எப்படியும் மாத்தித்தானே ஆகணும். யாருகிட்ட இருந்தா என்ன? ஒரு நாள் லீவு போடறேன், மாட்டி விட்டுர்றேன்"ங்கறான்.

"என்ற காரு மேல கை வெச்சீன்னா நடக்கறதே வேற"ன்னேன். அந்தப் பெட்டி இன்னும் ஷெட்டுல அப்படியே கெடக்குது.

ஆமாங்ணா, இன்னைக்கு வெடிச்சது அந்தக் குழாய்தான். அதனால என்ன? வெடிக்கும்னு அவன் சொன்னது வேற, வெடிச்சது வேற. ரெண்டையும் சேத்துப் பேசக்கூடாது.

அவனோட நடிப்பு இன்னும் முடியலீங்க. மயிலை அவன் பங்குக்குப் போச்சுல்ல, ஓட்டணுமா இல்லையா? வெளியவே எடுக்கறதில்ல. ஞாயித்துக்கிழமை காலையில ஷெட்டைத் தொறந்து ஸ்டார்ட் பண்ணுவான், கொஞ்ச நேரம் ஓட விடுவான், துடைப்பான், மூடிருவான். நான் மாடியில படுத்திருக்கறது தெரியும். எனக்குக் கேக்கணும்னே பண்றது. அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கும்னு அவனுக்குத் தெரியும். எவ்வளவு கெட்ட புத்தி பாருங்க.

ஒரு நாள் அவன் இல்லாதப்ப ஷெட்டுக்குள்ள போயிப் பாத்தேன். சும்மாத்தான். சீட்டு இருக்குல்ல, டிரைவர் சீட்டு, நான் கடைசியா ஓட்டினப்ப முன்னால இழுத்துப் போட்டது. அப்படியே இருக்கு. அவன் ஆறடி. அந்த சீட்டுல உக்காந்தான்னா முட்டி ஸ்டீயரிங்குல இடிக்கும். ஒரு லீவரை இழுத்தாப் பின்னால போயிரும். அதைப் பண்ணக்கூட உடம்பு வணங்கல. கண்ணாடியும் என் உசரத்துக்கு இருந்தாப்பலயே இருக்கு. அவ்வளவு சோம்பேறி. அவன் கையில ஒரு மில்லு.

இன்னைக்கு எங்க போனேன்னு கேக்கறீங்களா? கோயமுத்தூர்ல பழைய காரு வெச்சிருக்கறவங்க எல்லாம் சேருவாங்க. எல்லாம் தாடி வெச்ச பசங்க. தாடி இல்லைன்னா காரை உள்ள விடமாட்டாங்களோ என்னமோ. அவங்க முன்னாடி போயி இறங்கணும்னு எனக்கு ஆசை. நவநீ வாசல்ல நின்னுட்டு, "இன்னைக்கு மட்டும் மயிலைல போயிட்டு வா, வெயிலு பயங்கரமா இருக்கு"ன்னான். வெயிலு. அவனுக்கு வெயிலு மேல என்ன அக்கறை. நான் செவலைய எடுத்தேன்.

போகும்போது பல்லடம் ரோடு. ஸ்டீயரிங்கு இடது பக்கமா இருந்தா முன்னால போற பஸ்ஸை எப்படிண்ணா தாண்டறது? எதுக்க என்ன வருதுன்னு பாக்க வலது பக்கம் ஒரு ஆளு வேணும். நான் தனி ஆளு. அப்ப என்ன, மணிக்கு நூத்தி எண்பது கிலோமீட்டருக்கும் மேல பறக்கற காரு, ஒரு டவுன் பஸ்ஸுக்குப் பின்னாலயே நின்னு நின்னு போச்சு. அது ஸ்டாப்புல நின்னா நானும் நின்னேன். பின்சீட்டுல இருந்த ஒரு அம்மா எனக்கு டாட்டா காட்டுச்சு. ஒவ்வொரு வேகத்தடைக்கும் கட்டில்ல இருந்து எந்திரிக்கற கர்ப்பிணி மாதிரி ஒருக்களிச்சு ஏத்தி இறக்கினேன்.

அங்க போயி இறங்கினேன். தாடி எல்லாம் சுத்தி நின்னுச்சு. எட்டு சிலிண்டரா, எந்த வருசம், பெயிண்ட் ஒரிஜினலா. எல்லாத்துக்கும் பதில் சொன்னேன். கடைசியா ஒருத்தன், "சூப்பர். உங்க அப்பா வரலீங்களா?"ங்கறான்.

உங்களைச் சொல்லலீங்ணா, நீங்க தெரியாமக் கேட்டீங்க.

வரும்போது அந்த வழி வேண்டாம்னு இந்த அகல ரோட்டுல வந்தேன், பஸ்ஸைத் தாண்டற வேலை இல்லைன்னு. கோயமுத்தூர் தாண்டினதுமே சூட்டு முள்ளு ஏற ஆரம்பிச்சுது. கருமத்தம்பட்டில டப்புன்னு ஒரு சத்தம், முதுகுக்குப் பின்னால இட்லிக் குண்டா தொறந்த மாதிரி ஆவி. ஓரங்கட்டினேன். நாலு பேரு வந்து செல்ஃபி எடுத்தாங்க. நான் அவனைக் கூப்பிடல, தெளிவாச் சொல்லிர்றேன். அம்மாவைத்தான் கூப்பிட்டேன். அம்மாகிட்ட ஒரு விசயம் சொன்னா எங்க போகும்னு எனக்கு எப்படித் தெரியும்? நீங்க வந்து நின்னு, "காங்கயத்துக்காரரு அனுப்பினாருங்க"ன்னு சொன்னப்பதான் தெரியும். காங்கயத்துக்காரருன்னா நவநீதான். அவரு வீட்டுக்குக் கொண்டாரச் சொன்னாராமா. நான்தான் ஈரோட்டுக்கு விடச் சொன்னேன். அங்க எங்கப்பாவோட மெக்கானிக் இருக்காரு. காரு யாருதோ அவங்க சொல்ற எடத்துக்குத்தான் போகணும், சட்டப்படி.

உங்க போனுங்களா அடிக்குது? அவன்தான். எடுங்க, ஸ்பீக்கர்ல போடுங்க. நான் தூங்கறேன்னு சொல்லுங்க.

...

வெச்சுட்டானா? கேட்டீங்களா, கேட்டீங்களா? முதல் கேள்வி என்ன கேட்டான்? "புள்ள தண்ணி குடிச்சுதுங்களா?" ஏன், காருக்கு என்னாச்சுன்னு கேக்க வேண்டியதுதானே. கேக்க மாட்டான். நேரா விசயத்துக்கு வந்தா அவன் நவநீ இல்லையே. சுத்தி வளைச்சு எங்க வந்து நின்னான் பாருங்க. "முழிச்சதும் சொல்லுங்கண்ணா, மயிலைய அவளே வெச்சுக்கட்டும், செவலைய நான் பாத்துக்கறேன். வீட்டுக்கே வந்துருங்க." செவலைய நான் பாத்துக்கறேன். அவன் வாயாலயே வந்துருச்சா இல்லையா? இதை அன்னைக்கே களத்துல நின்னு நேராக் கேட்டிருந்தா குடுத்துட்டுப் போறேன். எனக்குச் செவலை வேணும் பாப்பான்னு ஒரு வார்த்தை. அதை விட்டுட்டு அது படுத்தும், சூடாகும்னு உண்மைய எல்லாம் வரிசையாச் சொல்லி என்னை ஏமாத்தியிருக்கான். பொய் சொல்லி ஏமாத்தறவனைக் கண்டுபிடிச்சிரலாம்ணா. உண்மையச் சொல்லி ஏமாத்தறவனை என்ன பண்றது?

என்னங்ணா?

மாத்திக்கலாமேங்கறீங்களா?

பாத்தீங்களா. அவன்கூட நீங்க ரெண்டு தடவை போன்ல பேசியிருப்பீங்க, அதுக்குள்ள அந்தப் பக்கம் போயிட்டீங்க. நான் கருமத்தம்பட்டில இருந்து தொண்டை வறளப் பேசிட்டு வர்றேன். அவன் அப்படித்தான். மாமா, அம்மா, மில்லுல இருக்கறவங்க, எல்லாரையும் இப்படித்தான் பேசாமயே பேசிக் கவுத்திருவான்.

எனக்கு எது பிடிக்கும்னா?

அது வேற விசயங்ணா. பிடிக்கறது வேற, ஏமாறாம இருக்கறது வேற. பிடிச்சதை எடுக்கறதுக்கு வாதாடவே வேண்டாமே. சும்மா கைய நீட்டினாப் போதும். அப்படி எடுத்திருந்தா மாமா என்ன சொல்லுவாரு? அண்ணன் காட்டினான், தங்கச்சி எடுத்தாள்ம்பாரு. இல்லீங்ணா. இப்பப் போயி மயிலைய வாங்கினேன்னா, அவன் அன்னைக்குச் சொன்னது சரின்னு ஆயிரும். நான் எடுத்தது தப்புன்னு ஆயிரும். ஒரு காருக்காக அவ்வளவு பெரிய விசயத்தை விட்டுக் குடுக்க முடியுங்களா?

இது அவிநாசிங்களா? அதுக்குள்ள வந்துட்டமா? வலது பக்கம் போனா திருப்பூர், அப்படியே காங்கயம். தெரியும், எங்க ஊருக்குப் போற வழி எனக்குத் தெரியாதா.

ஏங்ணா இண்டிகேட்டர் போடறீங்க?

அணைங்க. நேராப் போங்க, ஈரோட்டுக்கே போங்க. பின்னால இருக்கறது நான் வாதாடி ஜெயிச்ச வண்டி.